புள்ளி போனது, நோய் போகவில்லை: மீன் தொட்டி கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே நோய் பற்றியவை. எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம், என்ன தண்ணீர் (போரா, கார்ப்பரேஷனா, கேனா), எத்தனை மீன், கடைசியாகப் புது மீன் விட்டது எப்போது என்று இவ்வளவும் எழுதுங்கள். “மீன் சோர்வாக இருக்கிறது, என்ன மருந்து?” என்று மட்டும் கேட்டால் எங்களால் ஊகிக்கத்தான் முடியும். ஊகித்து ஊற்றிய மருந்தால் செத்த மீன்கள் ஏராளம்.

கேள்வி: இரண்டடி தொட்டியில் நான்கு ஏஞ்சல், ஆறு பிளாக் மோலி வளர்க்கிறோம். நவம்பர் மழையில் புதிதாக இரண்டு மோலி வாங்கி விட்டோம். நாலாம் நாள் எல்லா மீன்கள் மேலும் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. கடைக்காரர் கொடுத்த பச்சை மருந்தை மூன்று நாள் ஊற்றினோம். புள்ளி சுத்தமாகப் போய்விட்டதால் நிறுத்திவிட்டோம். ஒரே வாரத்தில் முன்னைவிட அதிகமாக வந்து இரண்டு ஏஞ்சல் செத்துவிட்டன. மருந்து போலியா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மருந்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. நிறுத்திய நாள்தான் தவறு.

கடைகளில் ‘இக்’ என்றும் ‘ஒயிட் ஸ்பாட்’ என்றும் சொல்வது இதைத்தான். இக்தியோப்தீரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி இது. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு புள்ளியும் மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று கொழுக்கும் ஓர் உயிர். மேலே தோல் மூடியிருப்பதால் தண்ணீரில் ஊற்றும் மருந்து அதைத் தொடாது. தின்று முடித்ததும் அது தோலைக் கிழித்து வெளியே விழும். கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்ளும். உறைக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஆகும். அந்த உறையையும் மருந்து துளைக்காது. குஞ்சுகள் வெளியே வந்து அடுத்த மீனைத் தேடி நீந்துகிற ஓரிரு நாள் மட்டும்தான் மருந்துக்கு அகப்படும் நேரம்.

ஆகவே மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்தது மருந்தால் அல்ல. அவை தின்று முடித்துக் கீழே இறங்கிவிட்டன, அவ்வளவுதான். நீங்கள் மருந்தை நிறுத்திய நாளில் அவை அடிக்கல்லில் பிரிந்துகொண்டிருந்திருக்கும். 25, 26 டிகிரித் தண்ணீரில் இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். குளிர்ந்தால் வாரக்கணக்கில் இழுக்கும், சூடேறினால் சுருங்கும். வைத்தியமே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது: சுற்றை வேகமாக ஓடவிட வேண்டும், குஞ்சு வெளிவரும் ஒவ்வொரு நாளும் தண்ணீரில் மருந்து இருக்க வேண்டும்.

முதலில் தொட்டியின் உண்மையான கொள்ளளவைக் கணக்கிடுங்கள். 60 × 30 செ.மீ. தொட்டியில் 26 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 46.8 லிட்டர். கல், அலங்காரப் பொருள் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 42 லிட்டர் தேறும். கடையில் “அறுபது லிட்டர் தொட்டி” என்று சொன்னதை நம்பி மருந்து ஊற்றினால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு போய்விடும்.

உங்கள் மோலிக்கும் ஏஞ்சலுக்கும் உப்பு ஒத்துக்கொள்ளும் என்பதால் உப்பையும் சூட்டையும் வைத்தே முடிக்கலாம். லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் 85 கிராம் கல் உப்பை எடையிட்டு எடுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம், கல் உப்பின் பருமன் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். மூன்று பங்காக்கி, ஒரு சொம்பில் கரைத்து, 12 மணி நேரத்துக்கு ஒரு பங்காக ஊற்றுங்கள். 100 வாட் ஹீட்டர் போட்டு, மணிக்கு 1 டிகிரிக்கு மேல் ஏறாமல், 30 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஏர் ஸ்டோனை முழு வேகத்தில் விடுங்கள். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். இந்த நோயில் செவுளும் புண்ணாகியிருக்கும், மீன் ஏற்கெனவே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்.

தினமும் சைபன் குழாயைக் கல்லுக்குள் குத்தி 10 லிட்டர் எடுங்கள். உறை கட்டிய ஒட்டுண்ணிகள் பெருமளவு அதிலேயே போய்விடும். புதிதாக ஊற்றும் 10 லிட்டரும் அதே சூட்டில் இருக்க வேண்டும், அதில் 20 கிராம் உப்பு கரைந்திருக்க வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகு ஒரு வாரம், மொத்தத்தில் குறைந்தது 14 நாள் இதை விடாமல் செய்யுங்கள். பிறகு உப்பைத் தனியாக எடுக்க வேண்டியதில்லை, உப்பில்லாத தண்ணீர் மாற்றிவரத் தானே குறைந்துவிடும்.

சூடு மட்டும் போதும் என்று சிலர் சொல்வார்கள். 32 டிகிரியையும் தாங்கும் வகைகள் இந்த ஒட்டுண்ணியில் உண்டு, ஆகவே உப்பை விட்டுவிடாதீர்கள். கோரிடோராஸ், லோச் போன்ற அடியில் மேயும் மீன்கள் இருக்கும் தொட்டியில் லிட்டருக்கு 1 கிராமைத் தாண்ட வேண்டாம். மலாக்கைட் கிரீன் கலந்த பச்சை மருந்தாக இருந்தால் அவற்றுக்கும் டெட்ராக்களுக்கும் பாதி அளவுதான். அந்த மருந்தைக் கையுறை போடாமல் தொடக் கூடாது. கார்பன் வைத்த ஃபில்டர் மருந்தை உறிஞ்சிவிடும், முதலிலேயே கார்பனை எடுத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஆண் கோல்டு ஃபிஷ்ஷின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும் வரிசையாக வெள்ளை மணிகள் தெரிந்தால் அது இனப்பெருக்கக் காலத்து அடையாளம், நோய் அல்ல. புள்ளி ரவை அளவில் இல்லாமல் மஞ்சள் பொடி தூவியதுபோல் மிக நுண்ணியதாக இருந்தால் அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். பொன் தூசிபோல் மின்னினால் அது ‘வெல்வெட்’. அந்த ஒட்டுண்ணி பச்சையம் உள்ளது, வெளிச்சத்திலும் உணவு தயாரித்துக்கொள்ளும். ஆகவே வைத்தியத்தோடு தொட்டியைத் துணி போட்டு மூடி இருட்டிலும் வைக்க வேண்டும்.

கேள்வி: புதுத் தொட்டி வைத்து மூன்று வாரம். எட்டு மீன் விட்டோம், மூன்றுதான் மிச்சம். தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது. வாரம் ஒருமுறை தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல், ஃபில்டர் பஞ்சு எல்லாம் குழாயடியில் தேய்த்துக் கழுவுகிறோம். இவ்வளவு சுத்தமாக வைத்தும் ஏன்? – வாசகர், தாம்பரம்

பதில்: அந்தக் கழுவல்தான் காரணம். மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அமோனியா வந்துகொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் கல்லிலும் பஞ்சிலும் படலமாகப் படிந்து வாழும். புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் ஒவ்வொரு வாரமும் அவற்றைக் குளோரின் தண்ணீரில் கழுவிவிட்டு முதல் நாளிலிருந்து தொடங்குகிறீர்கள். அமோனியாவுக்கு நிறம் கிடையாது. கண்ணாடிபோல் இருக்கும் தண்ணீரிலும் மீன் வெந்து சாகும்.

போர் தண்ணீர் என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். 28 டிகிரியில், பிஎச் 7 உள்ள தண்ணீரில் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் நூற்றில் ஆறு, ஏழு பங்கு விஷமாகிவிடும். டெஸ்ட் கிட்டில் ஒரே எண் வந்தாலும் உங்கள் மீனுக்கு அது ஏறக்குறைய பத்து மடங்கு விஷம். அதனால் அமோனியா, நைட்ரைட், பிஎச் மூன்றையும் பார்க்கும் சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். மருந்து பாட்டில் நான்கு வாங்குவதைவிட அது உபயோகம்.

இப்போது செய்ய வேண்டியது: அமோனியா 0.25-க்கு மேல் காட்டும் நாள்களில் எல்லாம் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். தீனி இரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு. நைட்ரைட் ஏறத் தொடங்கினால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுளைப் பார்த்தால் சிவப்புக்குப் பதில் பழுப்பாகத் தெரியும். நைட்ரைட் இரத்தத்தில் கலந்து ஆக்சிஜன் ஏற்றிச் செல்லும் சக்தியைக் கெடுப்பதால் வரும் நிறம் அது. 10 லிட்டருக்கு 1 கிராம் உப்பு போதும். உப்பின் குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழையும் வழியை மறித்துக்கொள்ளும்.

பஞ்சை இனி குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்து, அதிலேயே இரண்டு முறை அமுக்கிப் பிழிந்தால் போதும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரோடு சேர்த்துப் போட்டால் ஆறு வாரம் மிகவும் குறையும். மெட்ரோ வாட்டர் என்றால் ஆன்டி குளோரின் கட்டாயம். சோடியம் தயோசல்பேட் படிகம் 100 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டருக்கு 1 மில்லி ஊற்றுங்கள். மருந்து வாசனை தூக்கலாக அடிக்கும் லாரித் தண்ணீருக்கு 2 மில்லி.

கேள்வி: இரண்டு லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் ஃபைட்டர், போர் தண்ணீர். வால் நுனி கிழிந்து கிழிந்து குறைகிறது. கடையில் சொன்னபடி டெட்ராசைக்ளின் கேப்சூல் ஒன்றைப் பிரித்துப் போட்டேன். தண்ணீர் மஞ்சளாகி நுரைத்தது, வால் தேறவில்லை. – கல்லூரி மாணவர், மதுரை

பதில்: உங்கள் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய. டெட்ராசைக்ளின் அவற்றோடு பிணைந்துகொண்டால் மீனின் உடலுக்குள் போகாது. 500 மில்லிகிராம் கேப்சூலை 2 லிட்டரில் போட்டும் பலனில்லாததற்கு அதுவே பெரிய காரணம். கடினத் தண்ணீரில் இந்த மருந்தைக் கரைப்பது வீண். கேப்சூல்களை இப்படிப் போடுவதால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை வளர்க்கிறோம் என்பதும் எங்கள் கவலை.

வால் அழுகலா, கிழிசலா என்று முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் செடியில் மாட்டிக் கிழிந்திருந்தாலோ தன் வாலைத் தானே கடித்திருந்தாலோ விளிம்பு சுத்தமாக, ஒரே இரவில் வெட்டியதுபோல் இருக்கும். அழுகல் என்றால் விளிம்பு கறுத்தோ சிவந்தோ, நூல் பிரிந்ததுபோல் நாளுக்கு நாள் உள்ளே நகரும். இதில் பெரும்பாலும் தண்ணீர்தான் குற்றவாளி. 2 லிட்டரில் ஒரு நாள் கழிவே அமோனியாவை எட்டக் கூடாத இடத்துக்குக் கொண்டுபோகும்.

மீனை 15 லிட்டராவது பிடிக்கும் தொட்டிக்கோ வாயகன்ற பிளாஸ்டிக் டப்பாவுக்கோ மாற்றுங்கள், மூடி வேண்டும். லிட்டருக்கு 1 கிராம் உப்பு, பத்து நாள். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், மாற்றும் தண்ணீருக்கும் அதே கணக்கில் உப்பு. நாட்டு வாதுமை இலை (தெருவில் ‘பாதாம் மரம்’ என்போமே, அது) தானாக உதிர்ந்து பழுப்பாகக் காய்ந்ததில் ஒன்றைக் கழுவிப் போடுங்கள். அதிலிருந்து இறங்கும் டானின் பிஎச்சைச் சற்றுக் குறைக்கும், கிருமி வளர்ச்சியையும் ஓரளவு தடுக்கும். இரண்டு மூன்று வாரத்தில் இலையை மாற்றுங்கள். பூச்சிமருந்து அடித்த மரத்தின் இலை வேண்டாம்.

தேறுகிறதா என்று தெரிய வால் விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நிறமே இல்லாத, நீரில் நனைந்த டிஷ்யூ தாள் போன்ற மெல்லிய ஓரம் தெரிந்தால் புதுத் துடுப்பு வளர்கிறது. அதை நோய் என்று நினைத்து மறுபடி மருந்து ஊற்றிவிடாதீர்கள். பத்து நாளுக்குப் பிறகும் அழுகல் நகர்ந்து உடம்பைத் தொடப் போகிறது என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டிய கட்டம் அது.

கேள்வி: கௌராமியின் வாயில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறது. பூஞ்சைக்கு என்று மெத்திலின் புளூ போட்டு, ஹீட்டரில் சூட்டையும் ஏற்றினேன். ஒரே நாளில் மூன்று மீன் போய்விட்டது. – வாசகர், சேலம்

பதில்: பூஞ்சை இவ்வளவு வேகமாகக் கொல்லாது. இது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கவே அதிக வாய்ப்பு. பார்க்கப் பஞ்சுபோல் இருப்பதால் ஏமாந்துவிடுகிறோம். உண்மையான பூஞ்சை ஏற்கெனவே காயம்பட்ட இடத்தில், நீளமான இழைகளாக, தண்ணீரில் அலையும் பஞ்சாக இருக்கும். காலம்னாரிஸ் உதட்டில் குட்டையான சாம்பல் வெள்ளைப் படலமாகத் தொடங்கும். முதுகுத் துடுப்பின் அடியில் சேணம் போட்டதுபோல் வெளிறிய பட்டையும் வரலாம். இந்தப் பாக்டீரியா சூட்டில் செழிக்கும். வெள்ளைப் புள்ளிக்கு மருந்தாகிற அதே சூடு இங்கே எமன்.

ஹீட்டரை அணைத்துவிட்டு, தொட்டி மேல் டேபிள் ஃபேன் காட்டி 25, 26-க்கு மெதுவாக இறக்குங்கள். நோயுற்றவற்றைத் தனி டப்பாவுக்கு மாற்றி பொட்டாசியம் பெர்மாங்கனேட் லிட்டருக்கு 2 மில்லிகிராம் கொடுக்கலாம். இவ்வளவு சிறிய அளவைச் சமையலறைத் தராசு காட்டாது. 2 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள், அதில் 1 மில்லி 1 லிட்டர் டப்பாத் தண்ணீருக்குச் சரி. இளஞ்சிவப்பு நான்கு மணி நேரமாவது நிற்க வேண்டும். அதற்குள் பழுப்பாகிவிட்டால் தண்ணீரிலிருந்த அழுக்கே மருந்தைத் தின்றுவிட்டது என்று பொருள். தண்ணீரை மாற்றிவிட்டு மறுநாள் செய்யுங்கள். மீன் துள்ளித் தவித்தால் உடனே ஆன்டி குளோரின் ஊற்றினால் நிறம் போய்விடும், மருந்தும் முறிந்துவிடும். செவுளுக்குள் நோய் இறங்கிவிட்டால் இதெல்லாம் போதாது, மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாட்டிக் தீனி வழியாகத் தேவைப்படும். மீன் தின்கிற வரைதான் அதற்கும் வழி. ஆகவே முதல் நாளே பார்ப்பது முக்கியம்.

கேள்வி: மூன்றடி தொட்டியில் ஃபிளவர்ஹார்ன். தலையில் ஊசி குத்தியதுபோல் குழிகள், வெள்ளையாக நூல்போல் கழிவு, தீனியைத் துப்புகிறது. – வாசகர், ஈரோடு

பதில்: மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் குடலில் ஹெக்ஸமிட்டா வகை ஒட்டுண்ணியும், அதோடு வரும் தலைக்குழி நோயும்தான். மெட்ரோனிடசோல் இதற்கு நல்ல மருந்து. தொட்டியில் 120 லிட்டர் தண்ணீர் நிற்கிறது என்றால் 400 மில்லிகிராம் மாத்திரை இரண்டைப் பொடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் கரைத்து ஊற்றுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை. ஒவ்வொரு முறைக்கும் முன் கால்வாசித் தண்ணீர் மாற்றம். கார்பன் வேண்டாம்.

துப்பாமல் கொஞ்சமாவது தின்கிறது என்றால் தீனியில் கொடுப்பது இன்னும் சிறந்தது, ஏனென்றால் நோய் இருப்பது குடலில். 20 கிராம் பெல்லட்டுக்கு 200 மில்லிகிராம் மாத்திரைப் பொடி. சில சொட்டுத் தண்ணீரில் குழைத்துப் பெல்லட்டில் பிசிறி, மேலே துளி சமையல் எண்ணெய் பூசி, நிழலில் உலர்த்துங்கள். ஐந்து நாள் இதை மட்டும் கொடுங்கள். மருந்துச் சீட்டை மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாஸ்து மீன் என்று வாங்கி மாதக்கணக்கில் உலர்ந்த பிளட் வொர்ம் மட்டும் போடும் வீடுகளில் இந்த நோயை அதிகம் பார்க்கிறோம். நல்ல பெல்லட்டும், வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றமும் இல்லாவிட்டால் குழி ஆறினாலும் திரும்ப வரும். ஆழமான குழிகளின் தழும்பு முழுவதும் மறையாது.

கேள்வி: ஒராண்டா கோல்டு ஃபிஷ் தலைகீழாக மிதக்கிறது. பிள்ளைகள் அழுகிறார்கள். – வாசகி, திருச்சி

பதில்: இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். மூன்றாம் நாள் பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோல் உரித்து, பொடியாகக் கிள்ளிப் போடுங்கள். மலச்சிக்கலோ காற்றோ காரணம் என்றால் சில நாளில் நிமிரும். அதன்பின் மிதக்கும் பெல்லட்டை விட்டு மூழ்கும் வகைக்கு மாறுங்கள். நிமிரவில்லை என்றால், உருண்டை உடம்புக்காகவே வளர்க்கப்பட்ட இந்த ரகங்களில் காற்றுப்பை நெருக்குண்டு நிரந்தரமாகக் கெட்டிருக்கக்கூடும். அப்படிப்பட்ட மீனும் கையால் ஊட்டினால் நெடுநாள் வாழும். தண்ணீர் மட்டத்தைக் குறையுங்கள். வெளியே தெரியும் வயிறு காய்ந்து புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கப்பியின் வயிறு ஊதி, செதில்கள் பலாப்பழ முள்ளாய் நிமிர்ந்து நிற்கின்றன. காப்பாற்ற முடியுமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் முடியாது என்று சொல்வதே நேர்மை. இது தனி நோய் அல்ல, சிறுநீரகம் செயலிழந்து உடம்பில் நீர் தேங்கியதன் அடையாளம். செதில் லேசாக நிமிரத் தொடங்கியிருந்தால், தனி டப்பாவில் எப்சம் சால்ட் (பேதி உப்பு) 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போட்டு ஒரு வாரம் பார்க்கலாம்.

தின்னாமல், பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் துன்பத்தை நீட்டிக்காதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கிராம்புத் தைலம் அரை மில்லியை, வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள சிறு பாட்டிலில் பால்போல் ஆகும்வரை குலுக்குங்கள். மீன் இருக்கும் 1 லிட்டர் தண்ணீரில் அதைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். முதலில் மயங்கும், பிறகு செவுள் அசைவு நிற்கும். நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். உயிரோடு கழிவறையில் போடுவதும் ஃப்ரீசரில் வைப்பதும் கொடுமை.

கேள்வி: கொளத்தூரில் சிறிய அளவில் கப்பி வளர்த்து விற்கிறேன். பெண் மீன்களின் ஆசனவாயில் சிவப்பு நூல் இரண்டு மூன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. மீன் நிற்கும்போது தெரிகிறது, நீந்தினால் உள்ளே போய்விடுகிறது. இளைத்து இளைத்துச் சாகின்றன.

பதில்: நீங்கள் கவனித்து எழுதியிருப்பதே நோயைச் சொல்லிவிட்டது. அது கமல்லானஸ் என்ற உருளைப் புழு. குடல் சுவரைக் கவ்வி இரத்தம் குடிப்பதால்தான் அந்தச் சிவப்பு. முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். அந்தக் குஞ்சுகள் சைக்ளாப்ஸ் போன்ற நுண்ணுயிர் வழியாகவும், நேரடியாகவும் மீனுக்கு மீன் பரவும். ஒரு மீனில் தெரிந்தால் தொட்டி முழுவதும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

லெவாமிசோல் ஹைட்ரோகுளோரைடு, லிட்டருக்கு 2 மில்லிகிராம், அதாவது 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 75 லிட்டருக்கு. விளக்கை அணைத்து 24 மணி நேரம் விடுங்கள். இந்த மருந்து புழுவைக் கொல்வதைவிட முடக்கிப்போடுகிறது. பிடி தளர்ந்து கழிவோடு வெளியே விழும். அடியில் கிடப்பதை மற்ற மீன்கள் கொத்துவதற்குள் சைபன் போட்டு எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றிவிட வேண்டும். இதை விட்டால் மருந்து போட்ட பலன் போச்சு. மூன்று வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. வலை, குழாய், கை எல்லாம் தொட்டிக்குத் தொட்டி புழுவைக் கொண்டுபோகும், ஒவ்வொரு வரிசைக்கும் தனி வலை வையுங்கள். வெளியிலிருந்து வாங்கும் தாய் மீன்களை நான்கு வாரம் தனியே வைக்காமல் சேர்க்காதீர்கள். வைத்தியம் முடியும்வரை விற்பனையையும் நிறுத்தச் சொல்கிறோம். வலிக்கும் என்று தெரியும், ஆனால் உங்கள் பெயரைக் காப்பது அதுதான்.

பெரிய அளவில் சாவு வந்தால் மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ஆய்வுக்கூடத்தை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு அணுகுங்கள். நோயோடு உயிருடன் இருக்கும் மீனைக் கொண்டுபோவதே நல்லது. அப்போதுதான் செத்தது என்றால் ஐஸில் வைக்கலாம், உறையவைக்கக் கூடாது. நேற்றுச் செத்து மிதந்த மீனில் ஒன்றும் தெரியாது.

கேள்வி: வாசல் சிமெண்ட் தொட்டியில் உள்ள கோல்டு ஃபிஷ்கள் மேல் குச்சி குச்சியாக ஏதோ தொங்குகிறது, அடியில் சிவந்த புண். – வாசகர், திருநெல்வேலி

பதில்: ஆங்கர் வொர்ம். பெயரில்தான் புழு. உண்மையில் இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி, லெர்னியா. தலை நங்கூரம்போல் கிளைத்துச் சதைக்குள் புதைந்திருக்கும். வெளியே தெரியும் நுனி ‘ஒய்’ வடிவில் பிரிந்திருந்தால் அவை முட்டைப் பைகள். மீனை ஈரத் துணியில் பிடித்து, ட்வீசரால் தோலோடு ஒட்டிய இடத்தில் கவ்வி, மெதுவாக இழுங்கள். நடுவில் பிடித்தால் அறுந்து தலை உள்ளேயே நின்றுவிடும். புண்ணில் பஞ்சால் போவிடோன் அயோடின் தொட்டு வையுங்கள், செவுள், கண் பக்கம் படக் கூடாது.

பெரியவற்றைப் பிடுங்கினாலும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் தொட்டியில் இருக்கும். உங்களிடம் இருப்பது சிமெண்ட் தொட்டி, அது வசதி. மீன்களை வேறு டப்பாவில் வைத்துவிட்டு, தொட்டியை முழுக்க வடித்து ஒரு வாரம் வெயிலில் காயவிடுங்கள். ஒட்டிப் பிழைக்க மீன் இல்லாமல் குஞ்சுகள் செத்துவிடும். அந்த ஒரு வாரமும் அதன்பின் மூன்று வாரமும் மீன்களைத் தினமும் பார்த்து, புதிதாக முளைப்பதை எடுங்கள். குளத்துத் தண்ணீரும், குளத்திலிருந்து எடுத்த பாசியும் செடியும் இனித் தொட்டிக்குள் போகக் கூடாது.

கேள்வி: மீன் நோய் மனிதருக்கு ஒட்டுமா? அப்பாவின் விரல் கணுவில் ஒரு மாதமாக ஆறாத கட்டி. தொட்டி சுத்தம் செய்வது அவர்தான். – வாசகி, புதுச்சேரி

பதில்: மேலே சொன்ன நோய்கள் ஒட்டாது. ஆனால் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற ஒன்று கையில் உள்ள வெட்டு, கீறல் வழியாக நுழையும். மீனுக்கு வரும் காசநோய் என்று இதைச் சொல்வார்கள். 30 டிகிரி சூட்டில் நன்றாக வளரும் கிருமி என்பதால் உடம்பின் உட்பகுதியைவிடக் குளிர்ச்சியான விரல், கையில்தான் முடிச்சாக வரும். தண்ணீரில் கை வைத்துச் சில வாரம் கழித்தே தெரியும் என்பதால் யாருக்கும் தொட்டி நினைவுக்கு வராது.

அப்பாவைத் தோல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். “வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் மருத்துவர் அந்தக் கிருமிக்கான சோதனையை எழுதுவார். குணமாகும், ஆனால் மருந்தை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும்.

தொட்டியில் நன்றாகத் தின்றும் இளைக்கும் மீன், முதுகெலும்பு வளைந்த மீன், ஆறாத புண் உள்ள மீன் இருந்தால் அவற்றைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், இதற்கு மீனுக்குச் செய்யக்கூடிய உருப்படியான வைத்தியம் இல்லை. கப்பி பற்றிய பதிலில் சொன்ன கிராம்புத் தைலமே வழி. வலையையும் குழாயையும் பிளீச்சிங் தண்ணீரில் போட்டால் இந்தக் கிருமி எளிதில் சாகாது. கழுவிக் காயவைத்து 70 சதவீத ஸ்பிரிட்டால் துடையுங்கள். அப்பாவின் கை ஆறும்வரை தொட்டி வேலையை வேறொருவர் முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையோடு செய்யட்டும். சைபன் குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இழுக்கும் பழக்கம் வீட்டில் யாருக்கு இருந்தாலும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். கையால் அமுக்கித் தண்ணீர் இழுக்கும் ரப்பர் பல்ப் வைத்த சைபன் எல்லா மீன் கடையிலும் கிடைக்கிறது.